வாஷரின் மார்பளவு

மெஹக்: அய்யோ அண்ணா, உக்கார வச்சு அளக்காதீங்க! நிக்க வைங்க. உக்காந்தா மார் ஒரு அளவு, நின்னா ஒரு அளவு.

பூபதி: நின்னாதானம்மா? டேப்ப பாத்தாலே உக்காந்துக்குது. தையக்கடைக்கு வந்த கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கம் அதுக்கு.

ப்ரியா: வெக்கமாம்! அந்த இரும்பு டேப்ப சர்ருனு இழுக்கறீங்க, அது பயந்து உக்காருது. கம்பெனி சாமான வீட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?

பூபதி: துணி டேப்பு நீளும்டி. இதான் கரெக்டு.

மெஹக்: கரெக்டா? இது வளையாதுண்ணா. நாய் என்ன தகடா, இந்த முனையில இருந்து அந்த முனைக்கு வச்சுப் பாக்க? போன தடவ இதுலதான அளந்து அனுப்புனீங்க?

பூபதி: ...ஆமா.

மெஹக்: அதான். முப்பத்தஞ்சு இஞ்ச்சு! நானும் நம்பி, லேப்ரடாருக்குப் போடுற பாடி பெல்ட்ட எடுத்துட்டு வந்தேன். இவ ஒரு பக்கம் பூந்து மறுபக்கம் வந்து நின்னா.

ப்ரியா: ஸ்வெட்டருக்கு மேல அளந்திருக்காரும்மா. அதுவும் ரெண்டு ஸ்வெட்டர்.

பூபதி: குளிருச்சு அதுக்கு! ஓசூர் குளிருல ஒடம்புல முடியே இல்லாத நாய அம்மணமா நிக்க வச்சு அளக்கச் சொல்றியா?

மெஹக்: சரி சரி, அண்ணனையே சொல்லாதீங்கக்கா. அதுக்கு முந்தி நீங்க அனுப்புனது என்ன? பதினாலு இஞ்ச்சு. பதினாலுக்கு நான் கொண்டாந்தது பொமரேனியன் குட்டிக்குப் போடுறது. இவ மூக்குல மாட்டுனாதான் உண்டு.

ப்ரியா: அது பழக்க தோஷம்மா. எங்க பனியன் கம்பெனில பாதி மார்தான் எழுதுவோம். டேபிள் மேல விரிச்சு வச்சு, இந்த அக்குள்ல இருந்து அந்த அக்குள் வரைக்கும். முன்பக்கம் பதினாலுன்னா சுத்தளவு இருவத்தெட்டு. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்.

மெஹக்: நாய டேபிள் மேல விரிச்சீங்களா?

ப்ரியா: சிரிக்காத மெஹக்.

பூபதி: சிரிக்கட்டும் விடு. பாகலூர் ரோட்டுல நாய் சாமான் கடையப் பூட்டிட்டு மூணாவது தடவ வருது பாவம். சிரிக்கற உரிமைகூட இல்லையா?

மெஹக்: கடையப் பூட்டலண்ணா, தம்பி பாத்துக்கறான். ஆனா இன்னிக்கு முடிச்சிரணும். நானே அளக்கறேன், நானே மாட்டறேன். மூணு சைஸ் பாடி பெல்ட், ரெண்டு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு, எல்லாம் வண்டில இருக்குது. எந்த அளவு வந்தாலும் தப்பிக்க முடியாது.

பூபதி: யாரு தப்பிக்கறது?

மெஹக்: வாஷரச் சொன்னேண்ணா. வேற யாரு?

பூபதி: ம்.

மெஹக்: இது என்ன பேருண்ணா, வாஷர்?

பூபதி: கம்பெனி பஸ் நிக்கற எடத்துல, டீக்கடை பெஞ்சுக்குக் கீழ, குளிருல வட்டமா சுருண்டு கெடந்துச்சு. நடுவுல ஒரு ஓட்டை மட்டும். அச்சு அசல் போல்ட்டு வாஷர் மாதிரியே. நான் அதையேதான தினம் பாக்கறேன், இன்ஸ்பெக்ஷன்ல. வாயில தானா வந்திருச்சு.

ப்ரியா: பொட்டப் புள்ளைக்கு வைக்கற பேரா அது? நான் மல்லிகான்னு வச்சேன். ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்துச்சா?

மெஹக்: வாஷர்... வாடி, எந்திரி. நில்லு. நில்லு... நிக்க மாட்டேங்குதே.

பூபதி: தமிழ்ல சொன்னா காதுல வாங்காது. டீக்கடைக்காரரு வெங்கடப்பன் கன்னடத்துல பேசித்தான் வளத்தாரு. 'நிந்த்கோ'ன்னா நிக்கும், 'பா'ன்னா வரும்.

மெஹக்: நிந்த்கோ!... யப்பா, டக்குனு நின்னுட்டா. சரி அக்கா, தலையப் புடிங்க. அண்ணா, நீங்க தள்ளி நில்லுங்க, உங்களப் பாத்தா வால ஆட்டி ஆட்டி ஒடம்பு பூரா ஆடுது. கழுத்து மொதல்ல... பதினாலரை. பட்டை எங்க உக்காருமோ அங்கதான் அளக்கணும், காதுக்குப் பின்னால இல்ல.

ப்ரியா: பதினாலரை.

மெஹக்: அடுத்து மார். முன்னங்காலுக்குப் பின்னால, ரொம்ப அகலமா இருக்கற எடத்துல சுத்தணும்... இருவத்தெட்டு. அட! அக்கா சொன்ன பதினால ரெண்டால பெருக்குனா கரெக்டா வருது.

ப்ரியா: சொன்னேன்ல?

மெஹக்: சொன்னீங்க, சொன்னீங்க... முதுகு, கழுத்தடில இருந்து வால் மொளைக்கற எடம் வரைக்கும்... இருவத்தஞ்சு. இப்ப இடுப்பப் பாருங்க, என் கைக்குள்ள அடங்குது. மார் இருவத்தெட்டு, இடுப்பு ஒண்ணுமே இல்ல.

பூபதி: சிப்பிப்பாறை ரத்தம் பாதி. மீதி எவன் ரத்தமோ.

மெஹக்: அதான் சிக்கல். இந்த ஒடம்புக்கு எடை கேட்டு சைஸ் குடுத்தா பொருந்தாது. அட்டைல இருவது கிலோவுக்கு எம்னு போட்டிருக்கும். எம் மாட்டுனா மார்ல கடிக்கும். எல் மாட்டுனா இடுப்புல தொங்கும், அப்படியே பின்னால உருவிக்கிட்டு வந்திரும். தலையும் சின்னது, கழுத்துப் பட்டை போட்டா தலை வழியா கழண்டுக்கும். இவளுக்கு மூணு பட்டை இருக்கறது வேணும். கழுத்துல ஒண்ணு, மார்ல ஒண்ணு, வயித்துல ஒண்ணு.

ப்ரியா: அவ்ளோ வேணுமா? பெங்களூர்ல வளக்கக் கேட்டவங்க வீட்டுக்குக் கார்லதான போகுது?

மெஹக்: கார்ல ஏத்தணும், எறக்கணும், டீ குடிக்க நிறுத்தணும். அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். பொருந்தாத பெல்ட்டோட நான் எந்த நாயையும் வண்டில ஏத்த மாட்டேன். போன வருஷம் சிப்காட் பாலத்துக்கிட்ட ஒருத்தர் நாய எறக்குனாரு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். அது பயந்து பின்பக்கமா இழுத்துச்சு, லூசு பெல்ட்டு, உருவிக்கிச்சு. ஹைவேல நேரா ஓடிருச்சு. அவரு கையில பெல்ட்டு மட்டும்...

ப்ரியா: போதும். மேல சொல்லாத.

பூபதி: அப்ப... பொருந்தலன்னா இன்னிக்கும் போகாது?

மெஹக்: போகாது. அதுல நான் மாற மாட்டேன்.

பூபதி: ம். நல்ல பாலிசி.

ப்ரியா: என்ன நல்ல பாலிசி? பொருந்திரும். மாட்டும்மா. நேரம் ஆகுது.

மெஹக்: இந்தாங்க, நீலக் கலரு. தலை இப்புடி... காலு இப்புடி... எடுடி காலை... பக்கிள் சொடுக்குனா... ஆச்சு. எப்புடி?

பூபதி: டைட்டு.

மெஹக்: ரெண்டு விரல் விட்டுப் பாருங்கண்ணா. போகுதா?

பூபதி: போகுது. ஆனா ஒட்டுது.

மெஹக்: ரெண்டு விரல் லேசா ஒட்டுனாப்புல போகணும். அதான் கணக்கு.

பூபதி: உன் விரலா, என் விரலா? என் விரல் மொத்தம். உன் விரல் ரெண்டு சேந்தா என்னோட ஒண்ணு. அளவு பாக்கற கேஜ் இல்லாம எப்புடி ஓகே பண்றது?

ப்ரியா: ஆரம்பிச்சுட்டாரு.

மெஹக்: சரி, ஒரு புள்ளி லூசு பண்றேன். இப்ப?

பூபதி: இப்ப லூசு.

மெஹக்: அண்ணா!

பூபதி: லூசும்மா, பாரு. நாளைக்கு இளைச்சுட்டா? புது எடம், ரெண்டு நாள் சாப்புடாது. இளைக்கும். அப்ப கழண்டுக்கும்.

மெஹக்: இளைச்சா இறுக்கிக்கலாம். அதுக்குதான புள்ளி வச்சிருக்குது?

பூபதி: அவங்களுக்கு இறுக்கத் தெரியுமா? பெங்களூர்க்காரங்க...

மெஹக்: பெங்களூர்ல இருக்கறவங்களுக்கும் கை இருக்குதுண்ணா.

பூபதி: அக்குள்ல பாரு, பட்டை ஒரசுது. நடக்க நடக்க தோல் உரியும். இது ரிஜெக்ட்டு.

மெஹக்: ஒரசல. முழங்கையில இருந்து ரெண்டு விரல் பின்னால இருக்குது. நடக்க வச்சுப் பாருங்க.

பூபதி: வாஷர், வா... வா... பாத்தியா, நொண்டுது.

ப்ரியா: நீங்க பிஸ்கட்ட கைல வச்சுக்கிட்டு சைடா நடக்கறீங்க. அது உங்க கையப் பாத்துக்கிட்டு சைடா வருது. நொண்டுதாம்!

மெஹக்: அக்கா கண்ணுக்குத் தப்பாது.

ப்ரியா: போதும்ங்க, விடுங்க. பொருந்திருச்சு. அனுப்பிருவோம். இழுத்துக்கிட்டே போனா யாருக்குக் கஷ்டம்?

பூபதி: எனக்கு என்ன கஷ்டம்? நான் ஃபிட்டிங் சொன்னேன்.

ப்ரியா: எனக்கும் ஒண்ணும் கஷ்டம் இல்ல.

பூபதி: அப்புறம் என்ன? நல்லது.

மெஹக்: ...ஸ்வெட்டர் போடட்டுமா?

ப்ரியா: போடு.

மெஹக்: பெல்ட் உள்ளயே இருக்கட்டும், ஸ்வெட்டர் மேல. முதுகுல கொக்கி மாட்ட ஓட்டை இருக்குது பாருங்க... ஆச்சு. எவ்ளோ அழகா இருக்குது! சிவப்பு எடுத்துக் காட்டுது.

ப்ரியா: கை ஓரம் மேல ஏறுது.

மெஹக்: எங்கக்கா?

ப்ரியா: இங்க. முன்னங்காலு ஓட்டை சின்னது. தையல் உள்பக்கம் தடிப்பா இருக்குது, ஓவர்லாக் சரியா வெட்டல. நூல் தொங்குது பாரு, அது பல்லால இழுக்கும், முழுங்கும். நான் செக்கிங் டேபிள்ல இருந்தா இந்த பீஸ திருப்பி அனுப்பிருப்பேன்.

மெஹக்: நூலுதானக்கா. கத்திரி குடுங்க.

ப்ரியா: அப்புறம் நீளம். முதுகு இருவத்தஞ்சுன்ன. இது வால் மொளைக்கற எடத்தத் தொடுது. ஒண்ணுக்குப் போனா நனையும்.

மெஹக்: பொட்ட நாய்க்கு அடிப்பக்கம்தான் பாக்கணும். அடிப்பக்கம் இவளுக்கு வயித்துப் பாதியிலயே நிக்குது. நனையாது.

ப்ரியா: நனையும்.

பூபதி: இப்ப யாரு இழுக்கறது?

ப்ரியா: நான் தரம் சொன்னேன்!

பூபதி: நானும் தரம்தான் சொன்னேன்.

மெஹக்: ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க. ஸ்வெட்டர் வேண்டாம், கார்ல குளிராது. இருக்கற பழசே போதும். பெல்ட்ட மட்டும் கடைசியா ஒரு தடவ பாத்துடறேன். அண்ணா, கயித்தப் புடிச்சு முன்னால நில்லுங்க. நான் பின்னால இருந்து கூப்புடறேன். அவ பின்னால இழுக்கணும். உருவுதான்னு பாக்கலாம். வாஷர்! பா, பா, பா!... இழுக்கறா... விடாதீங்க... இன்னும்... பாத்தீங்களா? ஒரு இஞ்ச் நகரல.

பூபதி: ...நகரல.

மெஹக்: பொருந்திருச்சா?

பூபதி: பக்கிளயும் ஒரு தடவ இழுத்துப் பாக்கறேன்... ம். பொருந்திருச்சு.

மெஹக்: அல்லாவுக்கு நன்றி... செத்த இருங்க, ஃபோன். ஹலோ மேடம். ஆமா மேடம், ஓசூர்லதான் இருக்கேன். ஆச்சு, அளவெல்லாம் சரியாயிருச்சு. கெளம்பிருவோம். பாப்பா இன்னும் தூங்கலயா? கேட்டுலயே நிக்குதா?... சரி மேடம், சொல்றேன்... அக்கா, அவங்க பொண்ணு கேட்டுலயே காத்துக்கிட்டு நிக்குதாம். வாஷருக்குப் பாய் விரிச்சு வச்சிருக்குதாம்.

ப்ரியா: ...நல்லது.

மெஹக்: பெரிய தோட்டமாம். ஓடலாம்.

ப்ரியா: ம். இங்க ஓடறதுக்கு என்ன இருக்குது? ஒரு சந்து.

மெஹக்: அப்ப கயித்தக் குடுங்க. கெளம்பறேன்.

பூபதி: செத்த இரு. பழைய பட்டைய அவுத்துக்கறேன்.

மெஹக்: எதுக்குண்ணா? அதுவும் இருக்கட்டும்.

பூபதி: எங்க ஊர்ல மாட்ட வித்தா தும்பக் குடுக்க மாட்டாங்க. பழைய கயித்த அவுத்து வீட்டுலயே வச்சுக்குவாங்க. வாங்கறவன் புதுக்கயிறு கொண்டாந்து கட்டி ஓட்டிக்கிட்டுப் போவான். இல்லன்னா வீட்டு லட்சுமி கூடவே போயிருமாம். நான் நம்பறது இல்ல. இருந்தாலும்...

ப்ரியா: நம்பாதவருக்கு எதுக்குக் கண்ணு கலங்குது?

பூபதி: தூசி.

ப்ரியா: இந்த வீட்டுல தூசியா? இப்பதான் கூட்டுனேன்.

பூபதி: ப்ரியா, நீ புடிச்சுக் குடு கயித்த.

ப்ரியா: நான் எதுக்கு? நீங்கதான கொண்டாந்தீங்க பஸ் ஸ்டாப்புல இருந்து. நீங்களே குடுங்க.

பூபதி: அனுப்பணும்னு சொன்னது நீ.

ப்ரியா: நானா சொன்னேன்? போச்சம்பள்ளில நாம குடி போகப் போற கங்கப்பன் வீட்டுல நாய் ஆகாதுன்னு அவரு சொன்னாரு. அத உங்ககிட்ட சொன்னேன். நீங்கதான் 'சரி, அப்ப யாருக்காச்சும் குடுத்திருவோம்'னு ஒரே பேச்சுல முடிச்சீங்க. ஒரே பேச்சுல!

பூபதி: வேற என்னடி சொல்லணும்? எட்டு வருஷம் செக்கிங்ல நின்னு, இப்பதான் போச்சம்பள்ளி புது யூனிட்ல லைன் சூப்பர்வைசர்னு போட்டிருக்காங்க உன்ன. ஒரு நாய்க்காக அத வேண்டாம்னு சொல்லுன்னு எந்த வாயால சொல்றது? நான் முறுக்குனா நீ போக மாட்ட. அதான் சட்டுனு சொன்னேன்.

ப்ரியா: நீங்க சட்டுனு சொன்னதும், இவருக்கு இது பெருசில்ல போலன்னு நெனச்சேன். நான் அழுதா கேவலம்னு வாய மூடிக்கிட்டேன்.

பூபதி: பெருசில்லையா? கங்கப்பன் வீட்டுக்கு மூணு தடவ போனேன் நான். உனக்குத் தெரியாது. அவரு கோழி வளக்கறாரு, அதான் நாய் ஆகாதுங்கறாரு. கோழிக்குக் கம்பி வலைக்கூண்டு நானே வெல்டிங் வச்சு அடிச்சுத் தரேன்னேன். ஒத்துக்கல. மூணாவது தடவ, தம்பி இன்னொரு தடவ வராதீங்கன்னுட்டாரு.

ப்ரியா: ...ஏன் சொல்லல எங்கிட்ட?

பூபதி: சொல்லி? நடக்காதத சொல்லி உன்னையும் ஏங்க வைக்கறதா?

மெஹக்: அண்ணா, அக்கா... நான் வேணா வண்டில உக்காந்திருக்கட்டுமா?

ப்ரியா: இல்ல, இரு. நீ இருந்தாதான் இவரு பேசுவாரு.

பூபதி: அந்தப் பதினாலு... பழக்க தோஷம்னியே. மெஹக்குக்கு அனுப்பறதுக்கு முந்தி எங்கிட்ட காட்டுன. ஞாபகம் இருக்குதா? சரியா இருக்குதான்னு கேட்ட.

ப்ரியா: ம்.

பூபதி: பாத்ததுமே தெரியும் எனக்கு. பாதி அளவுன்னு. நான் பாக்கறது பூரா விட்டம், சுத்தளவுதான? தெரிஞ்சும் சரியா இருக்குது, அனுப்புன்னேன்.

ப்ரியா: தெரிஞ்சும்...?

பூபதி: தெரிஞ்சும். பொருந்தாம திரும்பிப் போகட்டும்னுதான்.

ப்ரியா: எனக்கும் தெரியும்.

பூபதி: என்ன தெரியும்?

ப்ரியா: பாதின்னு தெரிஞ்சேதான் எழுதுனேன். துணிக்கு எப்புடி அளக்கறது, ஒடம்புக்கு எப்புடி அளக்கறதுன்னு எனக்கு வித்தியாசம் தெரியாதா? நீங்க திருத்துவீங்கன்னு பாத்தேன். திருத்தல. அப்புறம் நீங்க முப்பத்தஞ்சுன்னு அனுப்புனீங்க. ரெண்டு ஸ்வெட்டரயும் போட்டு விட்டு அளந்தீங்க. சன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நானும் ஒண்ணும் சொல்லல.

பூபதி: அடிப்பாவி.

ப்ரியா: நீங்க மட்டும்?

பூபதி: ரெண்டு பேரும் சேந்து இந்தப் புள்ளைய ரெண்டு தடவ அலைய விட்டிருக்கோம்.

ப்ரியா: மெஹக்... மன்னிச்சிரும்மா.

மெஹக்: மன்னிக்கறது இருக்கட்டும்க்கா. அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்? நாய் வருதா, வரலயா? இன்னிக்கு வரலன்னா இனி கேக்க மாட்டாங்க. தோட்டம், நல்ல சாப்பாடு, பாசமான மனுஷங்க. இந்த மாதிரி எடம் அமையாது. யோசிச்சு சொல்லுங்க.

பூபதி: நல்ல எடந்தான்... ப்ரியா?

ப்ரியா: ஒரு வீடு இருக்குதுங்க.

பூபதி: எந்த வீடு?

ப்ரியா: போச்சம்பள்ளிய தாண்டி உள்ள. எங்க லைன்ல சேரப் போற முனிலட்சுமியோட மாந்தோப்பு. ஓட்டு வீடு, ரெண்டு ரூமு. நாய் இருந்தா நல்லதுக்கா, மாங்கா திருடறவங்க வர மாட்டாங்கன்னா. வாடகைக்கு உடனே குடுக்கறேங்கறா.

பூபதி: எப்ப கேட்ட இத?

ப்ரியா: எப்பவோ கேட்டேன். ஆனா மண் ரோடு. பஸ் வராது. எனக்கு யூனிட் பக்கம், சைக்கிள்ல போயிருவேன். நீங்கதான் காலை ஷிப்ட்டுக்கு கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டில போயி, அங்க கம்பெனி பஸ் புடிக்கணும். இருட்டுல கெளம்பணும். குண்டும் குழியும். உங்க முதுகு வலிக்கு ஆகாதுன்னு சொல்லல.

பூபதி: முதுகு யாருது?

ப்ரியா: என்ன?

பூபதி: முதுகு யாருதுன்னு கேட்டேன்.

ப்ரியா: உங்களுது.

பூபதி: அப்ப வலிச்சா நான் சொல்றேன். நீயா எதுக்கு என் முதுகுக்குப் பதில் சொல்ற? முனிலட்சுமிக்கு ஃபோனப் போடு. வரோம்னு சொல்லு.

ப்ரியா: மழை வந்தா சேறுங்க...

பூபதி: சேறா இருந்தா தள்ளிக்கிட்டுப் போறேன். போடு ஃபோன.

ப்ரியா: நெஜமாவா?

பூபதி: ஏண்டி, மூணு தடவ ஒரு கோழிக்காரன் வாசல்ல நின்னவன்கிட்ட நெஜமாவான்னு கேக்கற?

ப்ரியா: ...மெஹக், கயித்த அவருகிட்டயே விடு. வாஷர் எங்கயும் வரல.

மெஹக்: முடிவாவா?

ப்ரியா: முடிவா. வீடு ஓட்டு வீடோ, கூர வீடோ, அது எங்க கூடத்தான் வரும். உனக்கு ஆன பெட்ரோலு, அலைச்சலு, இந்தப் பெல்ட்டு, எல்லாத்துக்கும் நாங்க குடுத்தர்றோம். நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி.

பூபதி: கோவிச்சுக்கம்மா, தப்பே இல்ல. இந்த அண்ணன் மேலயும் ரெண்டு அடி அடிச்சுட்டுப் போ. ஆனா நாய விட மாட்டோம்.

ப்ரியா: அந்தப் பாப்பாதான்... பாய் விரிச்சு வச்சுக்கிட்டு கேட்டுல நிக்குதுன்னியே. அது மனசு நோகுமே. அதுக்கு என்னம்மா சொல்லுவ?

மெஹக்: கேட்டுல யாரும் நிக்கலக்கா, அந்த ஃபோனும் சும்மா நடிச்சதுதான். ரெண்டாவது பெல்ட்டும் பொருந்தாம போன அன்னிக்கு சாயங்காலமே அந்தப் பாப்பாவுக்கு வேற குட்டி குடுத்துட்டேன், அது கூடத்தான் வெளாடிக்கிட்டு இருக்குது. தினம் பனியன் மாரளவு பாக்கறவங்களும், முடியளவு தப்பக் கண்டுபுடிக்கறவரும், ஒரு நாய அளக்கத் தெரியாம மாத்தி மாத்தித் தப்பு பண்ணுனா எனக்கு சந்தேகம் வராதா? இன்னிக்கு நான் இவளக் கூட்டிட்டுப் போக வரல. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியப் பாத்து ஒருத்தர் சொல்லிக்கட்டும், அப்புடியே பெல்ட்டு மாட்டவும் கத்துக்கட்டும்னுதான் வந்தேன்... ம், கழட்டுங்கக்கா அத. இப்ப நீங்களா ஒரு தடவ மாட்டிக் காட்டுங்க, நான் பாக்கறேன்.